லூலிக் வீட்டுக்குள் போன வாக்குப்பெட்டி

ஐனாரோ சமூகக்கூடத்தில் நடந்த தேர்தல் பயிற்சிக்கு நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தொப்பி, ஒரு பை, ஒரு பேனா, அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு. எல்லாமே கடல் கடந்து வந்த நன்கொடை. கையேட்டை எங்கள் தெத்தும் மொழிக்குக் கொண்டுவந்தவன் நான். ஆகவே அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சியின் இரண்டாம் நாள் மாதிரித் தேர்தல் நடந்தது. கட்சிகளுக்குப் பதிலாகப் பழங்கள் நின்றன. வாழைப்பழம் அதிக ஓட்டு வாங்கியது. உடனே மாம்பழமும் பப்பாளியும் சேர்ந்து ஆட்சி அமைக்கப் போவதாக அறிவித்தன. வாழைப்பழத்துக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். "இதெல்லாம் நாம் சொல்லித் தரவே இல்லையே" என்று ஆலோசகர் ஆர்னே என் காதில் முணுமுணுத்தார். அவர் வடக்கே பனி விழும் நாட்டுக்காரர். எங்களுக்கு ஜனநாயகம் கற்றுத்தர மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தார்.

கடைசி நாள் ஆர்னே "கேள்வி ஏதாவது உண்டா?" என்றார். நாற்பத்தைந்து பேர் சாப்பாடு வைத்திருந்த பக்கம் பார்த்தார்கள். நடுவரிசையில் குள்ளமாக ஒரு பெண்மணி எழுந்தார்.

"ஐம்பத்தொன்றாம் பக்கத்துல, பெட்டி நனைஞ்சா தலைவர் கையெழுத்துப் போடணும்னு இருக்கு. பெட்டியோட சேர்ந்து தலைவரும் ஆத்துல போயிட்டா யார் போடணும்?"

ஆர்னே யோசித்தார். கையேட்டைப் புரட்டினார். பதில் இல்லை. அன்றைக்கே அந்தப் பெண்மணியை, எத்தெல்வினாவை, ஹாட்டுமேட்டா வாக்குச்சாவடியின் தலைவராகப் போட்டார்கள். மாவட்டத்திலேயே தூரத்துச் சாவடி அதுதான். சாலை முடிந்த பிறகு மூன்று மணி நேர நடை, நடுவில் ஓர் ஆறு.

எத்தெல்வினா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, இருநூறு காப்பி மரம் உண்டு. மூன்று வகுப்புக்கும் ஒரே ஆள். இந்தோனேசிய மொழியில் படித்து ஆசிரியையானவர். சுதந்திரம் வந்ததும் இனிப் பாடம் போர்த்துக்கீசியத்தில்தான் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் தான் கற்றதை மறுநாள் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். அச்சடித்தது எதுவானாலும் கடைசி வரி வரை படிப்பார். மாத்திரை டப்பாவில் மடித்து வைத்த சீட்டைக்கூட விடமாட்டார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான், அபீலியோ. தொண்ணூற்றொன்பதில் இந்தோனேசியாவிடமிருந்து எங்களுக்குச் சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட வாக்கெடுப்பு நடந்தபோது சாவடியில் வேலை பார்த்தவன். முடிந்ததும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடி, ஹெலிகாப்டரில் ஏற்றியவன் அவன்தான். முடிவு அறிவித்த மூன்றாம் நாள் சுதந்திரம் வேண்டாம் என்ற ஆயுதக் கும்பல் ஊருக்குள் வந்து அவனைக் கொன்றது. நூற்றைம்பது வீட்டில் எந்த வீடு அபீலியோவுடையது என்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? காட்டிக் கொடுத்தது பிலோமேனோ என்று ஊர் சொன்னது. இல்லை என்று பிலோமேனோ ஒருநாளும் சொன்னதில்லை. அவர் எத்தெல்வினாவின் தங்கை புருஷன்.

எல்லை தாண்டி ஓடிப்போன பிலோமேனோ நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டார். ஊர் அடிக்கவில்லை. பேசவும் இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே ஊற்றில் வெவ்வேறு நேரத்தில் தண்ணீர் பிடித்தார்கள்.

நாடு பிறந்து ஐந்து வருடம் ஆனபோது பாராளுமன்றத் தேர்தல் வந்தது. ஐக்கிய நாடுகள்காரர்கள் நடத்தாமல் நாங்களே நடத்துகிறோம் என்று பெருமை. பெட்டியும் முத்திரையும் மையும் ஆர்னேயும் மட்டும் வெளியிலிருந்து. தூரத்துச் சாவடி எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆர்னே ஆசைப்பட்டார். மொழிபெயர்க்க நானும் நடந்தேன்.

வாக்குப்பதிவு பிசகில்லாமல் நடந்தது. பட்டியலில் நானூற்று முப்பத்தேழு பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. நிறைமாதப் பெண் ஒருத்தி நடந்து வந்தாள். கால் நடக்காதவர் ஒருவரைக் குதிரையில் கொண்டுவந்தார்கள். குதிரையும் வரிசையில் நின்றது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஆளாக பிலோமேனோ வந்தார். மை தடவ வேண்டிய ஆள் பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். எத்தெல்வினாவே மைப் புட்டியை எடுத்தார்.

"வலது சுட்டுவிரல்."

எட்டு வருடத்தில் அவர் அந்த மனிதரிடம் பேசிய முதல் சொற்கள் அவைதாம். விரல் மைக்குள் போய் வந்தது.

நான்கு மணிக்குப் பெட்டியை மூடி நான்கு முத்திரை போட்டார்கள். முத்திரை எண்களை எத்தெல்வினா படிவத்தில் எழுதினார், உள்ளங்கையில் எழுதினார், பிறகு மனப்பாடமும் செய்துகொண்டார். எண்ணிக்கை அங்கே கிடையாது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் அந்த ஊர் எரியும் என்பது எங்கள் அனுபவம். அதனால் பெட்டிகள் எல்லாம் ஐனாரோவுக்குப் போய், சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணுவார்கள். மறுநாள் மாலை நான்கு மணிக்குள் வந்து சேராத பெட்டி செல்லாது.

நான்கரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தெற்கு மலையில் ஜூன் மாத மழை என்றால் சும்மா இல்லை. ஆற்றைக் கடக்க முடியாது. பள்ளிக்கூடக் கூரையிலோ மூன்று தகடு இல்லை. பெட்டியை எந்த மூலையில் வைத்தாலும் சொட்டியது. காவலுக்கு வந்த போலீஸ்காரர் இரண்டு பேரும் கையைப் பிசைந்தார்கள். அப்போதுதான் காஸ்பார் வந்து சொன்னார், "லூலிக் வீட்டுல வைக்கலாமே. ஒரு சொட்டு விழாது. ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

லூலிக் என்றால் புனிதம். தொடாதே என்றும் அர்த்தம். முன்னோர்களின் வாளும் மாலையும் இருக்கிற கூம்புக் கூரை வீடு அது. அதைக் காப்பவர் காஸ்பார். நரைத்த தாடிக்காரரைக் கற்பனை செய்ய வேண்டாம். நாற்பது வயதுக்காரர், மற்ற நேரத்தில் செல்போன் ரீசார்ஜ் அட்டை விற்பவர். முன்னோர்களோடு பேச வேண்டுமானாலும் தலைநகர் டிலியில் இருக்கிற பிள்ளையோடு பேச வேண்டுமானாலும் ஊர் அவரிடம்தான் போக வேண்டும்.

கையேட்டில் எதிர்ப்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு எத்தெல்வினா சரி என்றார். போலீஸ்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஆர்னே படம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. ஆறு மணிக்கு எத்தெல்வினா லூலிக் வீட்டு ஏணிக்குக் கீழே போய் நின்றார்.

"காஸ்பார், பெட்டிய எடுங்க. ஆறு வடிஞ்சிருக்கும், கிளம்பணும்."

"எடுக்க முடியாதுக்கா."

"காலங்காத்தால விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்ல. நேத்து முறைப்படி உள்ள வாங்கிட்டேன். வெத்தில வச்சேன், வார்த்தை சொன்னேன், துணி சுத்தினேன். இப்ப அது வீட்டுச் சாமான்."

"யாரு உங்கள முறைப்படி வாங்கச் சொன்னது? பிளாஸ்டிக் பெட்டிதானே!"

"நல்லாருக்கே! முன்னோருங்க வீட்டுக்கு விருந்தாளி வருது. வான்னுகூடச் சொல்லாம மூலையில தூக்கிப் போடவா? உங்க வீட்டுல அப்படித்தான் பண்ணுவீங்களா?"

வீட்டுச் சாமான் வெளியே போக வேண்டுமானால் என்ன முறை என்று எத்தெல்வினாவுக்கும் தெரியும். ஐந்து குலமும் ஒரே பாயில் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைச் சொல்லித் தீர்க்க வேண்டும். பிறகு, சாமானை வைத்தவர் குலத்தில் பெண் எடுத்த குலத்து ஆண் ஒருவன் தோளில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். ஹாட்டுமேட்டாவில் அந்தக் குலத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் பிலோமேனோ. எட்டு வருடமாக அந்தப் பாயை யாரும் விரிக்கவில்லை.

நான் ஆர்னேவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் முகம் சிவந்தது. உள்ளே போய் எடுத்துவர அதிகாரம் உண்டு, போலீசும் உண்டு என்றார்.

"இருக்கு மிஸ்டர், போகலாம்" என்றார் எத்தெல்வினா. "பெட்டி கிடைக்கும். அடுத்த தேர்தலுக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் வரமாட்டாங்க. குதிரைகூட வராது."

போலீஸ்காரர்கள் இருவரும் அவசரமாக ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடிப்பதாகத் தெரியவில்லை.

"அப்படியானால் ஓட்டெடுப்பு வையுங்கள். பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் போதுமே" என்றார் ஆர்னே.

காஸ்பார் பரிதாபமாகச் சிரித்தார். "ஓட்டு வச்சா ஒருத்தன் தோப்பான். தோத்தவன் எங்க போவான் மிஸ்டர்? பாராளுமன்றத்துல தோத்தா வீட்டுக்குப் போகலாம். இங்க தோத்தவனும் ஜெயிச்சவனும் ஒரே ஊத்துல தண்ணி பிடிக்கணும்."

மக்கள் இந்தத் தேர்தலைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் மூன்று வருடமாக ஆர்னே எழுதி வந்தார். ஆக்கிக்கொண்டார்கள். திருப்பித் தர மறுக்கிறார்கள். அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

எத்தெல்வினா தன் உள்ளங்கையைப் பார்த்தார். முத்திரை எண்கள் பாதி அழிந்திருந்தன. "நானூத்திப் பன்னண்டு பேரு" என்று தனக்குள் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய் வெற்றிலைக் கூடையோடு திரும்பி வந்தார். என்னைப் பார்த்து, "கையேட்டுக்காரரே, வாங்க. தலைவர் தேர்தல் வேலையா தனியா எங்கயும் போகக்கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்றார்.

ஓடையைத் தாண்டிப் போனோம். பிலோமேனோ பன்றிப்பட்டிக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாசலில் தங்கை வந்து நின்று, உடனே உள்ளே போய்விட்டாள். எத்தெல்வினா பேரும் சொல்லவில்லை, முறையும் சொல்லவில்லை. கூடையை நீட்டினார்.

"பாய் விரிக்கிறாங்க. உங்க குலத்து இடம் காலியா இருக்கு."

பிலோமேனோ கூடையைத் தொடவில்லை. "நான் வந்தா அபீலியோ பேச்சு வரும் மதினி."

"வரும்."

"வந்தா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லு. சுருக்கமா சொல்லு. நாலு மணிக்குள்ள பெட்டி கீழ போகணும்."

அந்த இடத்தில் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. நல்லிணக்கம் பற்றிய கருத்தரங்கு ஒன்பதில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றில் எதிலும் இப்படி ஒரு வாக்கியம் என் காதில் விழுந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பிலோமேனோவின் விரல்கள் கூடைக்குள் இருந்தன. ஒரு விரலில் நேற்றைய மை.

எட்டு மணிக்குப் பாய் விரித்தாயிற்று. குலத்துக்கு ஓர் இடம் என்று கணக்கு. பிலோமேனோ ஓரத்தில் உட்காரப் போனார். "ஓரத்துல இல்ல, உங்க இடத்துல" என்றார் காஸ்பார். எத்தெல்வினாவுக்கு நேர் எதிரே.

பேசினார்கள். எல்லைக் கல் பற்றிப் பேசினார்கள், செத்துப்போன எருமை பற்றிப் பேசினார்கள், யாரோ ஒருவருடைய அம்மாவின் சாவுக்கு வராத யாரோ ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆர்னே கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பத்து மணிக்கு நிறுத்தினார். பதினொன்றுக்குக் குறிப்பேட்டையும் மூடினார். பேச எதுவும் இல்லாமல் போன ஒரு நிமிடத்தில் பிலோமேனோ தொண்டையைக் கனைத்தார்.

"வீட்டக் காட்டினேன். அடிப்பாங்கன்னு தெரியும். கொல்லுவாங்கன்னு தெரியுமான்னா, தெரியாதுன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். தெரியும். காட்டலைன்னா என்னக் கொன்னிருப்பாங்க. அதுவும் தெரியும். அவ்வளவுதான்."

காஸ்பார் எத்தெல்வினா பக்கம் திரும்பினார். "உங்க வார்த்தை, அக்கா."

எத்தெல்வினா பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"கேட்டுக்கிட்டேன்" என்றார்.

"அது போதுமா?"

"பெட்டிக்கு இது போதும். மத்தது எனக்கு. அதப் பெட்டி போனப்புறம் பாத்துக்கிறேன்."

காஸ்பார் ஐந்து குலத்தாரையும் பார்த்தார். ஐந்து குலத்திலும் தலை அசைந்தது. மேலே ஏறிப்போய் முன்னோர்களிடம் நெடுநேரம் விடைபெற்றார். முன்னோர்களுக்கும் ஏதோ சொல்ல இருந்திருக்கும் போல. வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே கால். பிலோமேனோ தோளை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் எத்தெல்வினா. கையேட்டில் நாற்பதாம் பக்கத்தைப் பிரித்தார். தலைவர் நியமித்த சுமைகாரர் மட்டுமே பெட்டியைத் தூக்கலாம். படிவத்தை எடுத்தார், பிலோமேனோவின் முழுப் பெயரை எழுதினார், கையெழுத்து வாங்கினார், தானும் போட்டார். பிறகுதான் பெட்டி தோளுக்கு ஏறியது. கோடு கோடாக நெய்த தாய்ஸ் துணி அதைச் சுற்றியிருந்தது. மூடியில் வெற்றிலைச் சாறு சிவப்பாகக் காய்ந்திருந்தது.

மூன்று மணி நேர நடையை ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஆறு வடிந்திருந்தது, ஆனால் மனம் வைத்து வடியவில்லை. கூட வந்த குதிரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. பிலோமேனோ நிற்காமல் இறங்கினார். நடு ஆற்றில் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. பெட்டி தோளிலிருந்து தலைக்குப் போனது. எத்தெல்வினா அவருக்கு இரண்டடி மேலே, நீரோட்டத்தைத் தடுத்தபடி வந்தார். நீந்தத் தெரியாத ஆசிரியை. ஒரு கல் உருண்டு பிலோமேனோவின் கால் வழுக்கியது. எத்தெல்வினாவின் கை நீண்டது. பெட்டியைப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடித்தது அவருடைய முழங்கையை.

பக்கத்தில் ஆர்னே இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றுவிட்டார். "இதற்குக் கையேட்டில் பக்கமே இல்லை" என்றார். எத்தனையோ கப்பல் எத்தனையோ நாட்டிலிருந்து என்னென்னவோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கை எந்தக் கப்பலிலும் வரவில்லை. அந்தப் பெட்டி வராமல் இருந்திருந்தால் அது நீண்டிருக்கவும் செய்யாது.

சாலை முனையில் நின்ற வண்டியில் ஏறி ஐனாரோ சேர்ந்தபோது மூன்று நாற்பது. பெட்டி வாங்கும் அதிகாரி மூடியைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"ரத்தமா?"

"வெத்தில" என்றார் எத்தெல்வினா. துணியை அவிழ்த்தார். நான்கு முத்திரையும் முழுசாக இருந்தன. அதிகாரி எண்களைப் பார்க்குமுன்பே அவர் ஒப்பித்து முடித்துவிட்டார். உள்ளங்கை வெறுமையாக இருந்தது, ஆறு கழுவியிருந்தது.

படிவத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "வெள்ளம்னு போடுங்க, முடிஞ்சுது" என்றார் அதிகாரி. எத்தெல்வினா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளம் காலையிலேயே வடிந்துவிட்டது என்றார். கட்டத்துக்குள் அடக்கமாக எழுதினார்: "பெட்டி பத்திரமாக இருந்தது. வெளியே எடுக்க எல்லோரும் ஒத்துக்கொள்ள நேரமாயிற்று." அடுத்த பதிப்புக் கையேட்டில் ஆர்னே ஒரு வரி சேர்த்தார்: பெட்டியை லூலிக் வீட்டில் வைக்கக் கூடாது. அதை மொழிபெயர்த்ததற்காக காஸ்பார் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உள்ளே நீள மேசையில் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஹாட்டுமேட்டா பெட்டியும் கவிழ்ந்தது. இரண்டு பேர் இரு கையாலும் அளைந்து எல்லாச் சீட்டையும் கலந்தார்கள், சோளம் காயப்போடுவதுபோல. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எத்தெல்வினா எட்டிப் பார்த்தார்.

"அதுல எது எங்க ஊருது?"

"இனிமே தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது" என்றார் அதிகாரி.

தன்னுடைய சீட்டும் பிலோமேனோவின் சீட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்தக் குவியலை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

பிலோமேனோ சுவரோரம் குந்தியிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டி, மாலைக் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தார். எத்தெல்வினாவின் கையில் அந்தத் தாய்ஸ் துணி இருந்தது. பெண் எடுத்தவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள் துணி போர்த்துவது எங்கள் முறை. எட்டு வருடமாகப் போர்த்தாத கடன் அது. அவர் போர்த்திவிடவில்லை. துணியைச் சுருட்டி பிலோமேனோவின் மடியில் போட்டார்.

"போர்த்திக்கோ. உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்கிறது? தங்கச்சிதானே பாக்கணும்."

சொல்லிவிட்டு மலைச்சாலையில் முன்னால் நடந்தார். பத்தடி பின்னால் பிலோமேனோ எழுந்து போனார். சாலை முடியும் இடம் வரை வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று ஆர்னே சொல்லி முடிப்பதற்குள் இருவரும் வளைவைத் தாண்டியிருந்தார்கள்.